முதல் படிக்குச் சிவப்புப் பாசி

செத்த செடியைக் காகிதத்தில் ஒட்டி விற்கிற தொழிலில் இருந்தேன் என்று சொன்னால், கேட்டவர் செடியைப் பற்றிக் கேட்பதில்லை, "அதையெல்லாம் யார் வாங்குவாங்க?" என்றுதான் கேட்பார்.

வாங்கினார்கள். தொண்ணூறுகளில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் கடை இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பாடத்துக்கு வேண்டிய மாதிரிகள் விற்போம். பாட்டிலில் தவளை, அட்டையில் குத்திய வண்ணத்துப்பூச்சி, தாளில் ஒட்டிய செடி. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. நான் பின்னறை. எட்டாவது வரை படித்தவள். கடல்செடிகள் என் பொறுப்பு. தட்டில் உப்புத் தண்ணீர் விட்டுச் செடியை மிதக்க விட வேண்டும். அடியில் கெட்டித் தாளை நுழைத்து, கிளை கிளையாகத் தூரிகையால் பிரித்து, அப்படியே தூக்க வேண்டும். மேலே மல் துணி போர்த்தி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்துச் செங்கல் ஏற்ற வேண்டும். காய்ந்து வந்ததும் எண்ணிப் பார்த்துத்தான் கட்டுவேன். எண்ணாத கட்டு என் கையை விட்டுப் போனதில்லை.

பேச வேண்டிய வேலை இல்லை என்பதால்தான் அதில் சேர்ந்தேன். முன்பக்கம் புதுக் குரல் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். உங்களில் யாராவது கடையின் பின்னறையில் காலம் தள்ளியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: யாரிடமும் பேச வேண்டாம் என்று நாம் போய் உட்காருகிற இடத்தைத் தேடிக்கொண்டுதான் எல்லோரும் பேச வருவார்கள்.

பலகை

கடைப் பலகையைப் புதிதாக எழுத வந்த பெயின்டர், மற்றதையெல்லாம் பெரிதாக எழுதிவிட்டார். கடைசி வரிக்கு இடம் போதவில்லை. 'கடல்பாசி வகைகள்' என்று வர வேண்டியதில் கடலைத் தூக்கிவிட்டு, 'பாசி கிடைக்கும்' என்று முடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையிலேயே ஒருவர் மஞ்சள் பையை நீட்டி, அரைக் கிலோ பாசிப்பருப்பு கேட்டார். மத்தியானம் ஒரு பெண், மகளுக்குக் கழுத்தில் போட கறுப்புப் பாசியும் பவழப் பாசியும் எடுத்துக் காட்டச் சொன்னாள். நோன்பு மாதம் வந்தபோது திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். பால் ஊற்றிக் காய்ச்சி, துண்டு போட்டுச் சாப்பிடுகிற வெள்ளைக் கடல்பாசி அவருக்கு வேண்டும்.

அண்ணாச்சி அன்று வெளியே போயிருந்ததால் நான்தான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வெள்ளைக் கடல்பாசியும் ஒருவகைச் சிவப்புக் கடல்செடியைக் காய்ச்சி எடுப்பதுதான், ஆனால் நாங்கள் விற்பது செடியை, அதுவும் தாளில் ஒட்டி, என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இறகு மாதிரி விரித்து ஒட்டிய ஒரு சிவப்புத் தாளைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "திங்கவும் ஆவாது, கழுத்துல கட்டவும் ஆவாது, அப்புறம் எதுக்கும்மா அதுக்குப் போயி ஒரு பலகை?"

சாயம்

இறகுப் பாசி என்று நான் சொல்வது ஒரே செடியை அல்ல. கோழி இறகு போல, நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் மெல்லிய இழைகளுமாக இருக்கிற சிவப்புக் கடல்செடிகள் சில உண்டு. தண்ணீரில் இருக்கும்போது பிரித்துப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. தண்ணீரை விட்டு எடுத்தால் ஈரத் தலைமுடி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில், மணல் போகட்டும் என்று ஒரு கொத்தை நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் தட்டு முழுக்க ரோஸ்மில்க். செடி வெளுத்துப் போய் நூலாகக் கிடக்கிறது. சிவப்பு இனத்துக்கு அது குணம். உப்புத் தண்ணீரில் நிறம் உள்ளேயே இருக்கும், நல்ல தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும். பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும் அப்படி ரோஸ் சாயம் விடாது. அதற்குப் பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் ஈரப் பஞ்சை ஒரு ஓரத்தில் ஒற்றிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பஞ்சு ரோஸானால் சிவப்பு இனம்.

தியாகராய நகர்ப் புடவைக் கடை ஒன்றிலிருந்து ஒருவர் வருவார். பார்டருக்குப் புது டிசைன் தேடுகிறவர். இறகுப் பாசித் தாளைக் கண்டதும் அவருக்குக் கால் நகரவில்லை. இது அரக்கா, வாடாமல்லியா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, ஈரம் படாமல் வைக்கச் சொல்லி, பட்டால் சாயம் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது வருஷமா ஜவுளியில இருக்கேன். சாயம் போகும்னு தானா வாயைத் திறந்து சொல்ற கடையை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்."

பச்சையாக ஒரு சிவப்பு

இரண்டாவது தொல்லை, சிவப்பு இனம் எப்போதும் சிவப்பாக இருக்காது. பாறையின் நிழல் பக்கத்தில் வளர்ந்தது நல்ல அரக்காக இருக்கும். அதே செடி, அதே பாறையின் வெயில் பக்கத்தில் வளர்ந்தால் மஞ்சளும் பச்சையுமாக வெளிறிப் போகும். கரை ஒதுங்கிக் காய்ந்தால் கறுப்பு. முதன்முதலில் பார்க்கிறவர்கள் ஒரே செடியை மூன்று செடியாக எழுதிவிடுவார்கள்.

அடையாற்றிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் முந்தின நாள் வாங்கிய தாளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "சிவப்புப் பாசின்னு எழுதியிருக்கு, இது பச்சையா இருக்கே ஆன்ட்டி. எங்க மேடம் ரெக்கார்டை விட்டெறிவாங்க." பதில் பேசுவதைவிட எனக்குச் செய்து காட்டுவது சுலபம். பஞ்சை நனைத்துத் தண்டின் அடியில் ஒற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பஞ்சின் நுனியில் ரோஸ் ஏறியது. வெயிலில் நின்றதால் மேலே நிறம் மாறியிருக்கிறது, உள்ளே சிவப்புத்தான் என்றேன். அவள் பஞ்சை வாங்கித் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "டெப்போ ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நின்னு நின்னு நானும் இப்படித்தான் ஆன்ட்டி, ஒரிஜினல் கலரே வேற."

ஜாதகம்

எங்களுக்குச் சரக்கு கொண்டுவருகிறவள் கன்னியம்மா. பட்டினப்பாக்கம் குப்பத்தில் மீன் விற்கிறவள். கோவளத்தில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே பாறையில் பிடுங்கியதும் வலையில் சிக்கியதும் ஈரச் சாக்கில் கட்டி அவளிடம் வரும், அவளிடமிருந்து என்னிடம் வரும். அவள் சந்தின் முனையில் திரும்பும்போதே குரல் கடைக்கு வந்துவிடும். அவளுக்கு எல்லாமே 'பாசி'தான். எனக்கு அப்படி முடியாது. ஒரு சாக்கில் இறகு மாதிரி சிவப்பாக இருப்பது மூன்று வகை வந்தால் மூன்றையும் மூன்று தட்டில் பிரித்தாக வேண்டும்.

முதலில் இழைகளைப் பார்ப்பேன். தென்னை ஓலை மாதிரி இரண்டு பக்கமும் நேருக்கு நேராகக் கிளம்புகிறதா, முன்பின்னாகக் கிளம்புகிறதா, அல்லது சீப்புப் போல ஒரே பக்கமா. பிறகு தாளில் போட்டால் தன் வழவழப்பிலேயே ஒட்டிக்கொள்கிறதா, கோந்து கேட்கிறதா. கடைசியில் லென்ஸை வைத்து இழைகளில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகள் உண்டா என்று தேடுவேன். அது செடியின் காய் மாதிரி. காய் இல்லாத செடிக்குப் பெயர் எழுதிக் கொடுத்தால் கல்லூரிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்போது 'சிவப்பு, இறகு வடிவம், பெயர் தெரியவில்லை' என்று எழுதி வைத்துவிடுவேன். ஒரு நாள் ஒரே கொத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து காய் தேடிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா கூடையை இறக்கிவைத்து, வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளால் தாங்க முடியவில்லை. "எக்கா, மீனுக்கே யாரும் பேரு கேக்கறதில்ல, புச்சா பழசான்னுதான் கேக்கறாங்கோ. நீ இன்னாடான்னா பாசிக்கு ஜாதகம் பாத்துக்கினு கீற!"

ஜெயம் மாமியின் முதல் படி

வடக்கு மாட வீதிப் பக்கம் குடியிருந்த ஜெயம் மாமியின் கொலுவுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. மற்ற வீடுகளில் அழகு பார்த்துப் பொம்மை அடுக்குவார்கள். மாமி அறிவு பார்த்து அடுக்குவாள். முதல் படியில் ஓரறிவு, அதாவது தொட்டால் மட்டும் தெரிகிற செடி கொடிகள். இரண்டாம் படியில் தொடுவதோடு ருசியும் தெரிகிற சங்கு, நத்தை. மூன்றில் எறும்பு, நான்கில் நண்டு, ஐந்தில் மிருகங்கள், ஆறில் மனிதர்கள். அதற்கு மேலே பெரியவர்களும் தெய்வங்களும். இந்த வரிசையில் ஒரு பொம்மை இடம் மாறி உட்கார்ந்தாலும் மாமிக்குத் தூக்கம் வராது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அந்த வருடம் மேல்படியில் பாற்கடல் வைக்கப் போகிறாள். அதனால் கீழே எல்லாப் படியும் கடலாகவே இருக்க வேண்டும். "ஏன்மா, கடல் எறும்பு கிடைக்குமோ?" என்று கேட்டாள். இல்லை மாமி என்றேன். "போகட்டும், எறும்பு கரையில நின்னுண்டு வேடிக்கை பாக்கட்டும்" என்றாள். முதல் படிக்குச் சிவப்பு இறகுப் பாசி பத்து வேண்டும், அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, நிற்கிற மாதிரி. எனக்கு அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு சந்தோஷமான வேலை வரவில்லை. பத்தையும் ஒவ்வொன்றாகப் பஞ்சு வைத்துப் பார்த்து, லென்ஸில் பார்த்து, எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வெளியே மாமியும், சரக்கு கொண்டுவந்த கன்னியம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு மாமி உள்ளறை வாசல் வரை வந்து தலையை நீட்டினாள். "எல்லாம் செடிதானேம்மா? நிச்சயமாச் செடிதானே? நீ சொன்னா நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்."

நிச்சயமாகச் செடிதான் மாமி என்றேன். முகம் நிமிர்த்தி நான் சொன்ன பதில்கள் குறைவு, அது அதில் ஒன்று. மாமி தலையை ஆட்டிக்கொண்டாள்: "உன் வார்த்தையை நம்பித்தான் கீழ்ப்படியே நிக்கறது. அது சரிஞ்சா மேல இருக்கிற பெருமாளும் சேந்துன்னா சரிவார்!"

சுண்டல் வேண்டாம்

நவராத்திரி நடுவில் ஒரு காலை, கடைத் தொலைபேசியை எடுத்த அண்ணாச்சி வெகுநேரம் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மாமி வீட்டுக்கு அடையாற்றிலிருந்து ஓர் உறவுக்காரர் வந்திருக்கிறார். விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். முதல் படியின் எதிரே மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, நடுவில் இருந்த சிவப்பு இறகைப் பார்த்து, "ஜெயம், இது செடி இல்லையே, பிராணின்னா!" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுக் கிளம்பியும் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தகவல். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது வேறு. ஜெயம் மாமி கொலுவில் அசைவம் வைத்திருக்கிறாள் என்று வாசல் தாண்டுவதற்குள் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிச் சுண்டலை வைத்துவிட்டுப் போனார்களாம்.

இதில் இன்னொரு சிக்கல். கலசம் வைத்து ஆரம்பித்த கொலுவை விஜயதசமி வரை அசைக்கக் கூடாது என்பது மாமி வீட்டு வழக்கம். ஆக, அதை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் எது என்னவென்று தெரிந்தாக வேண்டும். நான் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதே கிடையாது. போக மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அண்ணாச்சி லென்ஸை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். "செடின்னு வாக்கு குடுத்தது நீங்கதான் சரோசாம்மா. நான் போயி என்னத்தச் சொல்ல? எனக்குப் புல்லும் ஒண்ணுதான், பூச்சியும் ஒண்ணுதான், ரெண்டையும் பாட்டில்ல வச்சுதான் பாத்திருக்கேன்!"

திரிகளின் சாட்சி

மாமி வீட்டுக் கூடத்தில் ஒன்பது படியும் வெள்ளை வேஷ்டி விரித்து நின்றன. முதல் படியில் கண்ணாடித் துண்டுகள் பதித்துக் கடல் பண்ணியிருந்தாள். அதில் என் இறகுகள் நின்றன. பக்கத்திலேயே மாமி நின்றாள். முந்தின நாள் மிஞ்சிய சுண்டல் ஒரு பாத்திரத்தில் மூடியபடி இருந்தது.

எதையும் தூக்கக் கூடாது என்பதால் நான் தரையில் படுக்காத குறையாகக் குனிந்தேன். பஞ்சு கேட்டேன். விளக்குக்குத் திரித்து வைத்திருந்த திரிகளைக் கொண்டுவந்தாள். ஒரு திரியை நனைத்து முதல் இறகின் அடியில் சாய்த்து வைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரியின் நுனியில் ரோஸ் ஏறியது. அடுத்தது ஏறியது. மூன்றாவது லேசாக, ஆனாலும் ஏறியது. ஒவ்வொரு திரி நிறம் மாறும்போதும் மாமி அதை எடுத்து ஒரு வெள்ளித் தட்டில் வரிசையாக வைத்தாள். நடுவில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது, நல்ல அரக்குச் சிவப்பு. அதில் வைத்த திரி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு திரி வைத்தேன். அதுவும் வெள்ளை. என் உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது. மீதியையும் பார்த்துவிட்டுத் தட்டிலிருந்த திரிகளை எண்ணினேன். பத்தும் ரோஸ். படியில் இருந்த இறகுகளை எண்ணினேன். பதினொன்று.

நான் பத்துதான் மாமி கொடுத்தேன் என்றேன். "ஆமாம், பத்துதான். ஒண்ணு அந்த மீன்காரம்மா கொசுறுன்னு கையில குடுத்தா. எல்லாத்தையும் விட லட்சணமா இருந்துது, நடுவில வெச்சுட்டேன்" என்றாள் மாமி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மாமிக்குப் பிரச்சினை தீரவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். இழை இழையாகத் தெரிந்தது இழையே இல்லை. தீப்பெட்டிகளை இரண்டு வரிசையாக ஒட்டியது போலச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு திறப்பு. அண்ணாச்சியின் பிராணி அலமாரியில் இதே ஜாதி பாட்டிலில் உண்டு. பாசிப்பிராணி என்போம். படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் ஒட்டி வளரும். லென்ஸை மாமியிடம் கொடுத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு பிராணி இருந்திருக்கும், அந்தத் திறப்பு வழியாகத்தான் தண்ணீரில் வருகிறதைத் தின்றிருக்கும் என்று சொன்னேன். மாமி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. "இத்தனை வாயா! ஒரே ஆத்துல இத்தனை வாய்க்கு யாரு சமைச்சுப் போட்டாளோ, பாவம்!"

தசமி வரைக்கும்

நிமிர்ந்ததும் மாமியின் முகம் மாறியது. "நாலாம் படியில நண்டு இருக்கு, அஞ்சாம் படியில ஆமை இருக்கு. அதெல்லாம் மண்ணு. இது நிஜமா இருந்த பிராணின்னா? செத்ததைக் கொண்டுவந்து சுவாமிக்கு முன்னாடி வெச்சிருக்கேனே" என்றாள். அவளுக்குச் சமாதானம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் கண்ணுக்கு நேரே இரண்டாம் படி இருந்தது. அதில் மாமியின் மாமனார் காலத்து வலம்புரிச் சங்கு, குங்குமப் பொட்டோடு. "சங்கும் நிஜமா இருந்த பிராணியோட வீடுதானே மாமி?" என்று கேட்டுவிட்டேன்.

மாமி சங்கைப் பார்த்தாள். இறகைப் பார்த்தாள். மறுபடி சங்கைப் பார்த்தாள். "வாய் இருக்கு, அதனால ருசி தெரியும். அப்போ ரெண்டறிவு" என்று விரல்விட்டாள். அவ்வளவுதான், அவளுக்குத் தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பத்து ரோஸ் திரிகளும் வெள்ளைத் திரி இரண்டும் இருந்த தட்டு, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் மாமி லென்ஸைக் கொடுத்துக் குனியச் சொன்னாள். முந்தின நாள் வயிறு சரியில்லாமல் போன இரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தி லென்ஸை விடாமல் வைத்துக்கொண்டிருந்ததால் மற்றவள் அதட்டிப் பிடுங்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பேரும் சுண்டல் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒரு தொன்னை வந்தது. அது ஏன் இன்னும் முதல் படியிலேயே இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். மாமி, ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: "தப்பான படியில ஏறி உக்காந்துடுத்து. தசமி வரைக்கும் எழுப்பக் கூடாது, அப்புறமா மேல அனுப்பிச்சுடறேன்."

துணை

மறுநாள் கன்னியம்மாவிடம் கொசுறு விஷயத்தைக் கேட்டேன். அவளுடைய அண்ணன் படகைக் கரையில் கவிழ்த்துச் சுரண்டும்போது அடியில் இருந்ததாம். சிவப்பாக, அழகாக இருந்ததால் காயவைத்து எடுத்துவந்தாளாம். இனிமேல் எதையும் என்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதே என்று, எனக்கு வந்த கொஞ்சம் கோபத்தோடு சொன்னேன். அவளுக்கு அது கோபம் என்றே தெரியவில்லை.

அடுத்த வருடம் புரட்டாசி பிறந்ததும் மாமி கடைக்கு வந்தாள். பத்துச் செடியும் பத்திரமாக இருக்கிறது, செடி வேண்டாம் என்றாள். பாசிப்பிராணி இன்னொன்று வேண்டும். "இந்த வருஷம் அதை ரெண்டாம் படிக்கு ஏத்தறேன். சங்குக்குப் பக்கத்துல தனியா நிக்கும், அதுக்குத் துணை வேண்டாமா?" கன்னியம்மா கூடையோடு அங்கேயே நின்றிருந்தாள். தான் கொடுத்த கொசுறுக்கு வந்த யோகத்தை அப்போதுதான் முழுக்கக் கேட்கிறாள். முதல் படியிலிருந்து அது ஏன் இரண்டாம் படிக்குப் போகிறது என்று விசாரித்தாள். வாய் இருந்தால் இரண்டாம் படி என்று மாமி விளக்கினாள்.

கன்னியம்மா கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கை வைத்தாள். "வாயி இருந்தா ரெண்டாவது படியா? அப்ப நான் எத்தினியாவது படி மாமி?" என்று கேட்டாள். அண்ணாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் தவளைப் பாட்டில்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி அவளை மேலும் கீழும் ஒருமுறை அளந்தாள். "உன் வாய்க்குப் படி காணாதும்மா, தனியாத் தேர்தான் கட்டணும்."

செடிக்கும் பிராணிக்கும் நடுவில் இருக்கிற கோடு வாய்தான் என்று நான் இத்தனை வருடத் தொழிலில் தெரிந்துகொண்டேன், அந்தக் கணக்கின்படி பின்னறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நான் முதல் படியிலேயே ஓய்வுபெற்றேன்.